ஒன்பது பேர், ஒரே ஞாயிறு: லோலாவோடு லுனேட்டா, அருங்காட்சியகம், இன்ட்ராமுரோஸ் போய்வருவது எப்படி?

பாசாய் மருமகள்:

வணக்கம். மணிலாவில் பிலிப்பினோ வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள், அங்கே பல வருடம் இருந்தவர்கள் பதில் சொல்லுங்கள். வீட்டில் ஒன்பது பேர். லோலோவுக்கு (தாத்தா) 71, லோலாவுக்கு (பாட்டி) 68 (முழங்கால் வலி, படி ஏறச் சிரமம்), பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர் (11, 7, 3 வயது). வீடு கில் புயாத் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சொந்த வண்டி இல்லை. லுனேட்டா பூங்கா, தேசிய அருங்காட்சியகம், இன்ட்ராமுரோஸ் (மதில் சூழ்ந்த பழைய நகர்) மூன்றும் ஒரே ஞாயிற்றில் முடியுமா? எதில் போவது, வீட்டிலிருந்து என்ன சாப்பாடு எடுத்துப் போகலாம், கடையில் சாப்பிட்டால் மூத்தோர் தள்ளுபடியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பசிக்கரையான்:

முடியும். ஆனால் திட்டத்தை இடத்திலிருந்து தொடங்காதீர்கள், லோலாவிடமிருந்து தொடங்குங்கள். பிலிப்பினோ குடும்பம் வெளியே கிளம்பினால் ஒன்றாகவே நகரும். லோலா உட்கார்ந்தால் ஒன்பது பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் எத்தனை மணிக்கு எந்த நிழலில் உட்காரப் போகிறார் என்பதை முதலில் குறித்துவிடுங்கள். மற்றதை அதற்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் பூசை (கத்தோலிக்கத் திருப்பலி). ஞாயிற்றுக் காலை கோயிலுக்குப் போய்விட்டுக் கிளம்பினால் ஒன்பது மணி ஆகிவிடும், வெயில் ஏறிவிடும். சனிக்கிழமை மாலைப் பூசையே ஞாயிற்றுக் கடனுக்குக் கணக்கு. அதனால் முதல் நாளே குடும்பமாகப் போய்வந்துவிடுவது நல்லது. லோலா ஞாயிறுதான் வேண்டும் என்றால் திரும்பும் வழியில் மால் பூசை இருக்கிறது. மணிலாவின் பெரிய மால்கள் பலவற்றில் சிற்றாலயம் உண்டு, ஞாயிறு மாலையிலும் பூசை நடக்கும். நேரத்தை அந்த மாலின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர ஒழுங்கு இப்படி வைக்கலாம். 7:15க்கு வீட்டிலிருந்து கிளம்பி 8 மணிக்குப் பூங்கா. தேசிய வீரர் ரிசாலின் நினைவுச் சின்னம், அதைக் காவல் காக்கும் வீரர்கள், முன்னால் இருக்கும் பூஜ்ய கிலோமீட்டர் கல், இவற்றை வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். 9:15க்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் (தேசிய அருங்காட்சியகம் தனித்தனிக் கட்டடங்களாக இருக்கிறது, இது ஒன்று). 11:45க்கு மர நிழலில் சாப்பாடு. ஒரு மணிக்கு, அதன் முன்னால் உள்ள சாலை வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகம். இந்தக் கட்டத்தின் நோக்கமே உச்சி வெயிலில் லோலாவும் மூன்று வயதும் குளிர்ந்த கூடத்தில் இருப்பதுதான், காட்சிப் பொருளில் பாதி பார்த்தால் போதும். 3:30க்கு இன்ட்ராமுரோஸ். 5:30க்குத் திரும்பல்.

ஒரு திருத்தம் உடனே தேவைப்படலாம். நினைவுச் சின்னம் பூங்காவின் கடற்பக்கம், அருங்காட்சியகங்கள் டாஃப்ட் அவென்யூ பக்கம். நடுவே அரை கிலோமீட்டருக்கு மேல். லோலா அந்த நடையைப் போகவர இரண்டு தடவை செய்ய முடியாது. அவரும் லோலோவும் அருங்காட்சியகப் பக்கமே மரத்தடியில் உட்காரட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். மற்ற ஆறு பேர் போய்வரலாம்.

சுண்டல்72:

போக்குவரத்துக்கு நான் சொல்றேன்.

எல்ஆர்டி-1 ரயில் உங்களுக்கு நேர் வழி. கில் புயாத்துல ஏறினா விட்டோ குரூஸ், கிரினோ, பெட்ரோ கில், அடுத்தது யுனைட்டட் நேஷன்ஸ். அங்க இறங்கி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஐந்தாறு நிமிட நடை.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. 2025 ஜூன்ல பமில்யா பாஸ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. குடும்பத்துல ஒருத்தர் கட்டணம் கொடுத்தா கூட வர்ற மூணு பேர் இலவசம், ஞாயிறு மட்டும். மூணு வயசுக் குழந்தை ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது, அதைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. மிச்சம் எட்டுப் பேர், அதாவது ரெண்டு கட்டணம். ஆனா நாலு நாலா சேர்ந்து நிக்கணும். தானியங்கி வாயில்ல ஓடிப்போய் அட்டையைத் தட்டாதீங்க, பயணச்சீட்டு ஜன்னல்ல ‘பமில்யா’ன்னு சொல்லுங்க, பக்கத்துக் கதவைத் திறந்து விடுவாங்க. வெளியே வரும்போதும் அதே நாலு பேர் ஒண்ணா வரணும். ஒருத்தர் முன்னாடி நிலையத்துல இறங்கினா குழப்பம். இந்தச் சலுகை இன்னும் இருக்கான்னு கிளம்புற வாரம் நிலையத்துல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

மத்த நாள்ல பீப் அட்டை (ரயில் கட்டண அட்டை) ஆளுக்கு ஒண்ணு வேணும். ஒரே அட்டையைத் தட்டி ரெண்டு பேர் போக முடியாது. முதல் தடவை போறவங்க எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான்.

பைகளைச் சோதனை இயந்திரத்துல போடணும். ரயில்ல சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அதனால மூணு வயசுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி கொடுத்துருங்க.

நீராவிக்கப்பல்:

சுண்டல் சொன்னது சரி, ஆனால் அந்தப் பாதை தூண்கள் மேல் ஓடுகிறது. கில் புயாத்திலும் யுனைட்டட் நேஷன்ஸிலும் சாலையிலிருந்து நடைமேடைக்குப் படி ஏறியாக வேண்டும். மின்தூக்கி இருக்கும், வேலை செய்யும் என்று நம்பி முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போகாதீர்கள்.

ஜீப்னி (பலர் சேர்ந்து போகும் சிறு பேருந்து) என்றால் டாஃப்ட் அவென்யூவில் ரயில் பாதைக்குக் கீழேயே ஓடுகிறது. பெயர்ப்பலகையில் லாட்டன் அல்லது கியாபோ என்று இருந்தால் அந்தப் பக்கம் போகும். பழைய ஜீப்னியில் பின்பக்கம் உயரமான படி, உள்ளே கூரை தாழ்வு, குனிந்துகொண்டே நகர்ந்து உட்கார வேண்டும். முழங்கால் மடக்க முடியாதவருக்கு ரயில் படியைவிட இது மோசம். பக்கவாட்டில் கதவு உள்ள புது வகை ஜீப்னியில் நிமிர்ந்து ஏறலாம், அதற்குக் காத்திருப்பது பயனுண்டு.

என் கருத்து: லோலா, லோலோ, பெரியவர் ஒருவர், மூன்று வயதுக் குழந்தை, சாப்பாட்டுப் பெட்டி, இவர்கள் கிராப் வண்டியில் (கைபேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்). மற்ற ஐந்து பேர் ரயிலில். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே கிராப் கிடைக்காது, எப்படியும் இரண்டு பிரிவாகத்தான் போக வேண்டும். பிரிவதை முன்பே முடிவு செய்து, சேரும் இடத்தையும் சொல்லிவிட்டால் தேடிக்கொண்டு அலைய வேண்டாம். ‘லுனேட்டாவில் சந்திப்போம்’ என்றால் அது 58 ஹெக்டேர். ‘இயற்கை வரலாற்று அருங்காட்சியக வாசல்’ என்று சொல்லுங்கள்.

சுண்டல்72:

ஒத்துக்கறேன், முழங்காலை நான் யோசிக்கல. அப்போ ரயில்ல அஞ்சு பேர். நாலு பேர் ஒரு கட்டணம், அஞ்சாவது ஆள் தனிக் கட்டணம். அப்பவும் ரெண்டுதான்.

ஜீப்னியை முழுசா விட்டுடாதீங்க, 11 வயசும் 7 வயசும் ஒரு தடவையாவது அதுல போகணும், ஊரைப் பழகுறது அதுலதான். ரெண்டு பலகை எதிரெதிரா இருக்கும். ஓட்டுநர்கிட்ட நேரா காசு கொடுக்க முடியாத தூரத்துல உட்கார்ந்தா ‘பாயாட் போ’ன்னு சொல்லிப் பக்கத்து ஆள் கையில கொடுக்கணும். கை மாறி மாறிப் போகும், பாக்கியும் அதே வழியா வரும். எத்தனை பேர், எங்க ஏறினோம், எங்க இறங்கணும், மூணையும் காசு கொடுக்கும்போதே சொல்லணும். சொல்லலைன்னா ஓட்டுநர் திருப்பிக் கேப்பார், நடுவுல இருக்கிற எல்லாரும் அதைக் கடத்தணும். இறங்க ‘பாரா போ’. பழைய வகை ஜீப்னில குறைந்த கட்டணம் 2023 அக்டோபர்ல முதல் 4 கிலோமீட்டருக்கு 13 பெசோன்னு ஆச்சு, அதுக்கு மேல ஏறியிருந்தா வண்டியில ஒட்டியிருக்கிற பட்டியல்ல இருக்கும். மாணவர், மூத்தோருக்கு 20 சதவீதம் தள்ளுபடி, அதையும் கொடுக்கும்போதே சொல்லணும். காலை நேரத்துல 500, 1000 நோட்டு நீட்டாதீங்க. ‘காலையில் சில்லறை மட்டும்’னு பல வண்டியில எழுதியே வெச்சிருப்பாங்க. மடியில உட்கார்ற சின்னக் குழந்தைக்குக் காசு இல்ல.

அடுப்பங்கரை:

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதை பாவோன் என்று சொல்வார்கள், நம் கட்டுச்சோறு போலத்தான். நாம் புளியை நம்புகிற இடத்தில் அவர்கள் வினிகரை நம்புகிறார்கள். வெயிலில் தாங்கும் பதார்த்தம் என்றால் அடோபோ. அதுவும் குழம்பாக வேண்டாம், அடோபோங் துயோ, அதாவது வற்றவிட்டது.

ஒன்பது பேருக்கு, அதில் மூன்று பிள்ளைகள், இரண்டு கிலோ இறைச்சி போதும். ஒரு கிலோ பன்றித் தோள்கறி, ஒரு கிலோ கோழி என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒரே சட்டியில் போடாதீர்கள். பன்றிக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும், கோழி அரை மணியில் வெந்துவிடும். சேர்த்துப் போட்டால் கோழி உதிரும்.

ஒரு கிலோவுக்கு அளவு: கரும்பு வினிகர் அரை கப், சோயா சாஸ் மூன்றில் ஒரு பங்கு கப், முழுப் பூண்டு ஒன்று நசுக்கியது, மிளகு ஒரு தேக்கரண்டி முழுதாக, பிரியாணி இலை மூன்று, தண்ணீர் ஒரு கப். எல்லாவற்றையும் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்து வினிகரின் காட்டம் அடங்கும் வரை கரண்டி போடக் கூடாது, மூடியும் போடக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெரியவர்களின் விதி. அந்தக் காட்டம் ஆவியில் போக வேண்டும். மூடிவிட்டால் மூக்கில் ஏறும் வாசனை கறியிலேயே தங்கிவிடும். பிறகு தீயைக் குறைத்து வேகவிட்டு, சாறு வற்றி எண்ணெய் பிரிந்ததும் அதே எண்ணெயில் இறைச்சியைச் சிவக்கப் புரட்டி இறக்குங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள். வற்ற வற்ற சோயாவின் உப்பு ஏறும், முதலில் சரியாக இருந்தது முடிவில் கரிக்கும். முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கி எடுத்தால் ருசி கூடும்.

எடுத்துப் போகக் கூடாதவை: தேங்காய்ப்பால் சேர்ந்த கினாத்தான் வகை எதுவும் வேண்டாம், மணிலா வெயிலில் மதியத்துக்குள் நுரைத்துவிடும். பான்சித் நூடுல்ஸ் பிறந்தநாளுக்குக் கட்டாயம், ஆனால் அதிலுள்ள முட்டைக்கோஸ் நீர்விடும், முதலில் கெடுவது அதுதான். லும்பியா (பொரித்த சுருள்) எடுக்கலாம், சூட்டோடு மூடினால் வியர்த்துத் தோல் தளர்ந்துவிடும், ஆறவிட்டுக் காகிதம் விரித்து அடுக்குங்கள். உப்பு முட்டையும் தக்காளியும் அங்கே போய் நறுக்கிக் கலந்தால் அடோபோவுக்குச் சரியான துணை.

சோறு: ஒன்றே கால் கிலோ அரிசி. வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, பிறகு வாழையிலையில் பொதியுங்கள்.

நீராவிக்கப்பல்:

சோறு விஷயத்தில் மாற்றுக் கருத்து. ஆறவைத்த சோற்றைக் காலை 6 மணியிலிருந்து 12 மணி வரை பையில் சுமப்பது ஆபத்து. சோற்றில் கொதிக்கும் சூட்டுக்கும் சாகாத நுண்ணுயிர் விதைகள் இருக்கும், வெதுவெதுப்பில் ஐந்தாறு மணி நேரம் கிடைத்தால் அவை பெருகி வாந்தியில் கொண்டுவிடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஒன்று சூடு விடாத பாத்திரத்தில், 60 பாகைக்கு மேல் நிற்கும்படி கொதிக்கக் கொதிக்க அடைத்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுக்கவே வேண்டாம்.

அடுப்பங்கரை:

நீங்கள் சொல்வது சரி. ஆறவைப்பது ஓரிரு மணி நேரத்தில் சாப்பிடும் பொதிக்குப் பொருந்தும், ஆறு மணி நேரத்துக்கு அல்ல. என் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன்: சோறு எடுக்க வேண்டாம். பதார்த்தத்தை மட்டும் எடுங்கள், வெறும் சோற்றைப் பூங்காவுக்கு வெளியே உள்ள உணவுக்கடையில் 11:30க்கு வாங்கிக்கொள்ளுங்கள். கறிவகை வாங்காமல் சோறு மட்டும் கேட்பது அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. பையில் எடையும் பாதியாகும். அடோபோவையும் பனிப்புட்டி வைத்த பெட்டியில்தான் எடுக்க வேண்டும். வினிகர் தாங்கும் என்பது கெடாது என்று ஆகிவிடாது.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், ஏப்ரல், மே மாதம் என்றால் ஒன்றரை. நான்கு புட்டிகளை முந்தின இரவே உறையவையுங்கள். அவையே பெட்டியைக் குளிர வைக்கும், மதியம் குடிக்கவும் ஆகும். புட்டியை முக்கால்தான் நிரப்ப வேண்டும், முழுதாக நிரப்பினால் உறையும்போது வெடிக்கும்.

பசிக்கரையான்:

உணவுப் பெட்டி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அருங்காட்சியகத்துக்குள் உணவும் பானமும் அனுமதி இல்லை, பெரிய பைகளை வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஒன்பது பேரின் பைகளையும் பனிப்பெட்டியையும் அங்கே அடுக்க நினைக்காதீர்கள். வெளியே இருவர் பெட்டியோடு நிழலில் இருந்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஆள் மாறிக்கொள்வது நல்லது.

நுழைவு 2016 முதல் எல்லோருக்கும் இலவசம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை திறந்திருக்கும், காலை 9 மணி முதல். திங்கள் விடுமுறை. இயற்கை வரலாற்றுக் கட்டடத்தில் நடுமுற்றத்தில் மரம்போல் எழும்பி நிற்கும் அமைப்புக்குள்ளேயே மின்தூக்கி உண்டு. மேல் மாடிக்கு அதில் போய், மாடி மாடியாக இறங்கி வாருங்கள். கீழிருந்து ஏறத் தொடங்கினால் லோலா இரண்டாம் மாடியோடு நின்றுவிடுவார். பன்னிரண்டு காட்சிக்கூடங்கள் இருக்கின்றன, பிள்ளைகளோடு ஐந்தாறு போதும். லோலோங் என்ற உவர்நீர் முதலையைத் தவறவிடாதீர்கள். 2011இல் மின்டனாவோவில் புனாவான் ஊரில் பிடிபட்டது, நீளம் 6.17 மீட்டர், 2013இல் இறந்தது. ஏழு வயதுக்காரர் அடுத்த ஒரு மாதம் அதைப் பற்றித்தான் பேசுவார்.

11 வயதுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஹுவான் லூனாவின் ‘ஸ்போலியாரியும்’ பார்க்கட்டும். 1884இல் மத்ரித்தில் தங்கப் பதக்கம் பெற்ற ஓவியம், அகலம் ஏழரை மீட்டருக்கு மேல். ஆனால் அந்தக் கட்டடம் பூங்காவுக்கு வடக்கே, சாலை கடக்க வேண்டும். எல்லோரும் போக வேண்டியதில்லை.

வெளியே வருமுன் எல்லோரும் கழிப்பறை போய்வந்துவிடுங்கள். பூங்காவில் தேடுவது சிரமம், சில இடங்களில் காசு வாங்குவார்கள், தாள் இருக்காது. ஈரத்துணியும் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

கணக்கர்:

மூத்தோர் தள்ளுபடியில் பலர் ஏமாறுவது சூத்திரம் தெரியாததால்தான். 60 வயது ஆன பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கு உணவகத்தில் 20 சதவீதத் தள்ளுபடியும் 12 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலக்கும் சேர்த்து உண்டு. சட்ட எண் 9994, ஆண்டு 2010. தள்ளுபடி அவர்கள் சாப்பிட்ட பங்குக்கு மட்டும், மொத்த ரசீதுக்கு அல்ல.

பொதுவில் பகிர்ந்து சாப்பிட்டால் மொத்தத் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுப்பார்கள். உதாரணம்: ரசீது 4,032 பெசோ, ஒன்பது பேர். ஒரு பங்கு 448. முதலில் வரியை நீக்க வேண்டும்: 448ஐ 1.12ஆல் வகுத்தால் 400. அதில் 20 சதவீதம் கழித்தால் 320. ஆக லோலாவுக்கு 128, லோலோவுக்கு 128, மொத்தம் 256 குறையும். கட்ட வேண்டியது 3,776.

நடக்கும் தவறு இரண்டு. வரியை நீக்காமல் 448லிருந்து நேரடியாக 20 சதவீதம் கழித்தால் 89.60தான் குறையும், ஆளுக்கு 38.40 பெசோ இழப்பு. ரசீதில் வரிவிலக்கு விற்பனை என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது, எதுவும் சாப்பிடாத மூன்று வயதையும் எண்ணிக்கையில் சேர்ப்பது. எட்டுப் பேர் என்று சொன்னால் பங்கு 504, வரி நீக்கினால் 450, தள்ளுபடி போக 360. இருவருக்கும் சேர்த்து 288 குறையும். உட்காரும்போதே எட்டுப் பேர் சாப்பாடு என்று சொல்லிவிடுங்கள்.

கடை ஏற்கெனவே சலுகை விலையில் கொடுக்கும் பொருளுக்கு இரண்டும் சேர்ந்து வராது, எது அதிகமோ அது. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இதே 20 சதவீதமும் வரி விலக்கும்தான். ஒருவரே இரண்டு அட்டையும் வைத்திருந்தாலும் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். உணவகத்துக்கு அட்டை போதும், நகராட்சி கொடுக்கும் சிறு புத்தகம் வேண்டாம்.

பாசாய் மருமகள்:

மிக்க நன்றி, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். இன்ட்ராமுரோஸில் லோலா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? மழை வந்தால்?

பசிக்கரையான்:

நடக்க விடாதீர்கள். ரிசால் நினைவுச் சின்னத்திலிருந்து சான்டியாகோ கோட்டைக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல், மேலும் உள்ளே பல தெருக்கள் கல் பாவியவை. முழங்கால் வலிக்குக் கல் தெருவைவிடக் கெட்டது இல்லை. வாடகை வண்டியில் நேராகக் கோட்டை வாசலில் இறங்குங்கள்.

கலேசா என்ற குதிரை வண்டியும் மிதிவண்டி ரிக்‌ஷாவும் உள்ளே கிடைக்கும். ஏறுமுன் மூன்று கேள்வி: இது ஆளுக்கா வண்டிக்கா, அரை மணிக்கா முழுச் சுற்றுக்கா, எங்கே இறக்கிவிடுவீர்கள்? சொல்லும் தொகையைக் கைபேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டித் தலையாட்ட வையுங்கள். சண்டை வருவதெல்லாம் ‘அரை மணிக்குத்தான் சொன்னேன்’ என்ற ஒரே வாக்கியத்தில்தான்.

கோட்டை நுழைவு பெரியவருக்கு 75 பெசோ, மாணவர், மூத்தோருக்கு 50 என்ற அளவில் இருந்துவருகிறது. உள்ளே மர நிழலும் உட்காரும் இடமும் நிறைய. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது தரையில் பதித்த வெண்கலக் காலடிகள். 1896 டிசம்பர் 30 அன்று ரிசாலைச் சிறையறையிலிருந்து நடத்திச் சென்ற வழி அது. காலையில் பார்த்த நினைவுச் சின்னத்தின் பக்கம்தான் அவரைச் சுட்டுக்கொன்ற இடம். அதனால் பூங்கா முதலில், கோட்டை பின்னால் என்றாலும், காலையிலேயே ‘அவர் எங்கிருந்து நடந்து வந்தார் என்று சாயங்காலம் பார்க்கலாம்’ என்று சொல்லி வையுங்கள். இரண்டு இடமும் அவர்கள் மனதில் ஒரே கதையாகச் சேரும்.

சான் அகுஸ்தின் கோயிலும் பக்கம்தான். 1607இல் கட்டி முடிந்தது, 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. லோலா அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றாமல் திரும்ப மாட்டார், கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

புயல் எச்சரிக்கை:

மழைக்கு. ஜூன் முதல் அக்டோபர் வரை காலை வெயிலாக இருந்தாலும் மாலை மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். அந்த மாதங்களில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: காலை 8 மணிக்கு இன்ட்ராமுரோஸ், மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம். திறந்த வெளி காலையில், கூரை மாலையில். காலையிலேயே பகாசா வானிலை அறிவிப்பைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை எண் 1 ஏற்றியிருந்தாலே அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். மணிலாவில் தெரு வெள்ளம் ஒரு மணி நேர மழையில் வந்துவிடும், வடிய ராத்திரி ஆகும்.

நடுவழியில் பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம்: நகர மண்டபத்துக்குப் பக்கத்தில், சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே எஸ்எம் மணிலா மால். பூங்காவின் தெற்கே என்றால் பெட்ரோ கில் பக்கம் ராபின்சன்ஸ். பிள்ளைகளுக்கு ஜாலிபி துரித உணவும் லோலாவுக்கு நாற்காலியும் இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

ஏப்ரல், மே வேறு கதை. வெப்பக் குறியீடு 42ஐத் தொட்டால் பகாசா அதை ஆபத்து வகையில் வைக்கிறது. அந்த நாளில் 10 மணிக்கு மேல் பூங்காவில் யாரும் இருக்கக் கூடாது, சாப்பாட்டையும் மால் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்டல்72:

இதுக்கு பதிலா தாகாய்தாய் போனா என்ன? சில வீட்ல அதுதான் ஞாயிறு வழக்கம்.

நீராவிக்கப்பல்:

போகலாம், ஆனால் அதற்கு வண்டி வேண்டும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உயரம் 600 மீட்டர், குளிர்ச்சி, தால் ஏரி, சூடான புலாலோ எலும்புச் சூப். வார நாளில் உள்ள எண்பலகைக் கட்டுப்பாடு ஞாயிறு இல்லை, அதனால் எல்லா வண்டியும் சாலையில்தான் இருக்கும். காலை 5 மணிக்குக் கிளம்பி மதியம் 2 மணிக்குள் மலை இறங்காவிட்டால் திரும்புவதற்குள் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். நெடுஞ்சாலைக் கட்டண வில்லையில் முதல் நாளே பணம் ஏற்றுங்கள். வண்டி இல்லாதவர்கள் பிஐடிஎக்ஸ் முனையத்தில் பேருந்து பிடிக்கலாம். ஒன்பது பேருக்கு ஒரே பேருந்தில் சேர்ந்த இடம் ஞாயிறு காலை எளிதில் கிடைக்காது. இந்தக் குடும்பத்துக்கு லுனேட்டாதான் சரி.

அடுப்பங்கரை:

வீட்டு வழக்கம் சில, மருமகளுக்குப் பயன்படும். ‘ஏழுக்குக் கிளம்புகிறோம்’ என்றால் ஏழுக்குக் குளிக்கப் போவார்கள். 6:30 என்று சொல்லுங்கள். பிள்ளைகள் காலையில் லோலோ லோலாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ‘மானோ போ’ வாங்கிய பிறகே வாசல் தாண்டுவார்கள், உங்கள் பிள்ளைகளும் செய்யட்டும். மாலை மூன்றரைக்கு மெரியெண்டா (சிற்றுண்டி) இல்லாமல் யாருக்கும் கால் நகராது. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் செருகிய பனானா கியூ, இல்லையென்றால் பச்சை மாங்காயும் இறால் விழுதும், ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள். மாங்காயை அங்கே ‘மங்கா’ என்பார்கள், நம் சொல்லேதான் மலாய் வழியாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

அழைத்தவர்தான் செலவு செய்வது பொது வழக்கம். நீங்கள் திட்டம் போட்டதால் எல்லோரும் உங்கள் கணவரின் பணப்பையைத்தான் எதிர்பார்ப்பார்கள், அதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காவலுக்கு இருக்கும் உறவினருக்கோ பக்கத்து வீட்டுக்கோ பசாலுபோங் (போன இடத்திலிருந்து வாங்கிவரும் பொருள்) ஒன்று கட்டாயம், கடையில் வாங்கிய ஒரு பொட்டலம் ரொட்டி போதும். வெறுங்கையோடு திரும்புவது அங்கே குறையாகத் தெரியும்.

புயல் எச்சரிக்கை:

தேதி விஷயம் யாரும் சொல்லவில்லை. ஜனவரி 9ஐ ஒட்டிய நாட்களில் லுனேட்டா பக்கமே போகாதீர்கள். கருப்பு நாசரேயரின் (சிலுவை சுமக்கும் இயேசுவின் கருநிறச் சிலை) ஊர்வலம் பூங்காவின் கடற்கரை முனையிலிருக்கும் கிரினோ மேடையிலிருந்து கியாபோ கோயில் வரை போகும், சாலைகளை முந்தின நாளே அடைப்பார்கள், லட்சக்கணக்கில் வெறுங்காலோடு வருவார்கள். டிசம்பர் 30 ரிசால் நாள், காலையில் அரசு விழாவுக்காக நினைவுச் சின்னத்தைச் சுற்றி அடைத்திருப்பார்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்த லோலா காலை பத்துக்கே தூங்கி விழுவார். அந்த ஒன்பது நாளில் வரும் ஞாயிறு என்றால் பூங்காவை விட்டுவிட்டு, விடிகாலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிபிங்கா, புத்தோ பும்போங் என்ற அரிசிப் பலகாரங்களை வாங்கிச் சாப்பிட்டு வீடு திரும்புங்கள்.

பாசாய் மருமகள்:

அப்படியானால் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு. லோலாவிடம் கேட்டேன், சனிக்கிழமை மாலைப் பூசைக்குச் சம்மதம். சான் அகுஸ்தினில் கால் மணி அல்ல, அரை மணி வேண்டும் என்கிறார்.

பசிக்கரையான்:

அரை மணி கொடுங்கள். அதற்கு ஈடாக மானுடவியல் அருங்காட்சியகத்திலிருந்து 3 மணிக்கே கிளம்பிவிடுங்கள். பிப்ரவரியில் ஆறு மணிக்குச் சூரியன் விழும், 5:30க்குக் கோட்டை வாசலில் கிராப் பதிவு செய்தால் வண்டி வரக் கால் மணி ஆகும். லோலாவை நிற்க வைக்காமல் உள்ளே உட்கார வைத்துவிட்டு, வண்டி எண் கைபேசியில் வந்த பிறகு எழுப்புங்கள்.